பாலத்துக்கு எந்த ஷட்டரிங்? கடலூர், புதுச்சேரி மண்ணுக்கு ஒரு கணக்கு

பாலம் கட்ட டெண்டர் எடுத்தவரிடம் ஷட்டரிங் (கான்கிரீட்டை ஊற்றி வார்க்கும் அச்சு) பற்றிக் கேட்டால், பெரும்பாலும் சதுர அடி வாடகையைத்தான் முதலில் சொல்வார். வீடு கட்டும்போது அந்தக் கணக்கு சரி. தளமெல்லாம் ஒரே மட்டம், தூணெல்லாம் ஒரே உயரம், ஒரு மாடிக்குப் போட்டதை அடுத்த மாடிக்கு ஏற்றிக்கொள்ளலாம். பாலத்தில் அப்படி வராது. ஆற்றுப் படுகை எப்படிக் கிடக்கிறதோ அதற்கேற்பத் தூணின் உயரம் மாறும். சாலை வாய்க்காலை நேர்க்கோணத்தில் கடப்பதும் அபூர்வம். அதனால்தான் எந்த அளவுக்கும் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி வாடகைக்கு விடப்படும் ஃபார்ம்வொர்க் (ஷட்டரிங்கின் இன்னொரு பெயர்) பக்கம் இப்போது சின்ன ஒப்பந்தக்காரர்களின் கண்ணும் போகிறது.

அதை எடுக்கலாமா, உள்ளூர்ப் பட்டறையில் இரும்பு அச்சு அடிக்கலாமா, அல்லது பழையபடி சவுக்கும் பிளைவுட்டுமே போதுமா? முழுப் பாலத்துக்கும் ஒரே முறையை எடுக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. பாலத்தில் மாறிக்கொண்டே இருப்பது எது, அப்படியே திரும்பத் திரும்ப வருவது எது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. மாற்றியமைக்கக் கூடிய ஒவ்வொரு இடமும் ஒரு இணைப்பு. ஒவ்வொரு இணைப்பிலும் சிமெண்ட் பால் (சிமெண்ட் கரைந்த தண்ணீர்) கசிய வழி உண்டு. கடல் காற்று படும் ஊரில் அந்தக் கசிவுக்கு விலை அதிகம்.

பேச வசதியாக ஒரு கற்பனைப் பாலத்தை வைத்துக்கொள்வோம். கடலூர் முதுநகர்ப் பக்கம், உப்பனாற்றில் போய்ச் சேரும் ஒரு வாய்க்கால். கடல் ஏற்றத்தின்போது உப்புத் தண்ணீர் ஏறி வரும் இடம். 15 மீட்டர் வீதம் நான்கு கண் (தாங்கலுக்கும் தாங்கலுக்கும் இடைப்பட்ட பகுதி). நடுவில் மூன்று வரிசைத் தூண்கள், வரிசைக்கு 1.2 மீட்டர் விட்டத்தில் இரண்டு வட்டத் தூண். உயரம் ஒரு வரிசையில் 4 மீட்டர், அடுத்ததில் 5, மூன்றாவதில் 5.5. இரண்டு கரையிலும் பாலத்தின் முனையைத் தாங்கும் அபட்மென்ட் சுவர், பக்கவாட்டில் மண்ணைத் தாங்க ரிட்டர்ன் சுவர்கள். கண்ணுக்கு நான்கு கர்டர் (தளத்தைச் சுமக்கும் நீள உத்திரம்) வீதம் 16. அதன்மேல் தளம். சாலை 20 டிகிரி சாய்ந்து கடக்கிறது. சுண்ணாம்பாற்றுப் பக்கமோ, கெடிலத்தின் கடைமடைப் பக்கமோ வேலை பார்த்தவர்களுக்கு இந்த மாதிரிப் பாலம் புதிதாக இருக்காது.

முதலில் சவுக்கு. கடலூர், புதுச்சேரி மணற்பாங்கில் சவுக்கு பணப்பயிர், ஆகவே கம்புக்குப் பஞ்சமில்லை. வளைந்து கொடுப்பதில் தச்சர் கையில் இருக்கும் ரம்பத்தை மிஞ்ச எந்த நிறுவனத்தின் அமைப்பாலும் முடியாது. எந்தச் சாய்வானாலும், எந்த மூலையானாலும் அன்றைக்கே வெட்டி அடித்துவிடுவார். ஒரே ஒரு முறை வரும் வடிவத்துக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. ஆனால் அச்சைக் கீழிருந்து தாங்கும் முட்டாக நிறுத்தும்போது சிக்கல். ஒரு கம்பு போல இன்னொரு கம்பு இருக்காது. வளைவு வேறு, அடித்தடிமன் வேறு, ஒட்டுப் போட்ட இடம் வேறு. எவ்வளவு எடை தாங்கும் என்று காகிதத்தில் கணக்குக் காட்ட முடியாது. பாலத்துக்கான தற்காலிகக் கட்டமைப்புகளுக்கு ஐ.ஆர்.சி. (இந்தியச் சாலைக் காங்கிரஸ்) 87 என்று தனி வழிகாட்டியே இருக்கிறது. சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பிலும் 1500 வரிசை எண்ணில் ஃபார்ம்வொர்க்குக்குத் தனிப் பிரிவு உண்டு. வரைபடமும் கணக்கும் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்கிற இடத்தில் சவுக்கு நிற்காது. பலகையை மரத்தில் செய்யுங்கள், முட்டை மரத்தில் கொடுக்காதீர்கள்.

பிளைவுட் வாங்கினால் ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணயம்) 4990 முத்திரை பார்த்து வாங்குங்கள், ஷட்டரிங்குக்கான தரம் அதுதான். வெட்டிய ஓரத்துக்குப் பெயிண்ட் அடிக்காமல் விட்டால் இரண்டாவது முறைக்கே ஓரம் ஊதிக்கொள்ளும். ஊதிய ஓரம் அடுத்த பலகையோடு சேராது.

இரண்டாவது, பட்டறை அச்சு. புதுச்சேரியின் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகள் பக்கத்தில் இருக்கும்போது வெல்டிங் வேலைக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. 3 மி.மீ. தகடு மட்டுமே சதுர மீட்டருக்கு 23.5 கிலோ, ஆங்கிள், விறைப்புப் பட்டை எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஒருமுறை செய்தால் ஒரே வடிவம்தான். ஆனால் அந்த வடிவத்தை எத்தனை முறை கேட்டாலும் கொடுக்கும்.

மூன்றாவதுதான் வாடகைக்கு வரும் மாற்றியமைக்கும் அமைப்பு. டோகா, பெரி போன்ற ஐரோப்பிய நிறுவனங்கள் உலகெங்கும் பரப்பிய முறை இது; இந்திய நிறுவனங்களும் செய்கின்றன. 20 செ.மீ. உயரம், 8 செ.மீ. அகலத்தில் எச்-20 என்ற மர உத்திரம், மீட்டருக்கு 5 கிலோ அளவில்தான் எடை. முன்னால் படலம் ஒட்டிய பிளைவுட், பின்னால் உத்திரங்களைக் குறுக்கே இணைக்கும் இரட்டைச் சானல் வாலர், இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்க டை ராட், சாய்வைச் சரிசெய்யத் திருகு ஜாக்கி. வாலரை மாற்றினால் அகலம் மாறும், உத்திரத்தை மாற்றினால் உயரம் மாறும், திருகைச் சுற்றினால் சுவரே வளையும்.

கடைவீதி வாடகைக் கடைகளில் கிடைக்கும் சின்ன இரும்புத் தகடுகளை நான் இந்தப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. ஆயிரம் இணைப்பு. அலுமினிய அமைப்பையும் விட்டுவிடலாம். நூற்றுக்கணக்கான ஒரே மாதிரி வீடுகளுக்காக வந்த பொருள் அது.

இனி பாலத்தின் உறுப்பு ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தூணில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவதும் அங்கேதான், ஷட்டர் பிளப்பதும் அங்கேதான்.

இன்னும் இறுகாத பச்சைக் கான்கிரீட் தண்ணீரைப் போலவே பக்கவாட்டில் தள்ளும், எடை மட்டும் இரண்டரை மடங்கு. 4 மீட்டர் தூணை ஒரே மூச்சில் நிரப்பினால் அடியில் சதுர மீட்டருக்கு 10 டன் அழுத்தம். மெதுவாக நிரப்பினால் அடிப்பகுதி இறுகத் தொடங்கி அழுத்தம் குறையும். மே மாத வெயிலில் இன்னும் சீக்கிரம் குறையும். ஆனால் உப்புக் காற்றுக்காக நாம் இரும்பாலைக் கசடு கலந்த சிமெண்டைத் தேடுகிறோம், பம்ப் அடைக்காமல் இருக்க இறுகலைத் தாமதப்படுத்தும் மருந்தும் ஊற்றுகிறோம். இரண்டுமே கான்கிரீட்டை நீண்ட நேரம் பச்சையாக வைத்திருக்கும். ஆகவே வெயில் உதவும் என்று நம்பி அச்சை இலேசாகச் செய்யாதீர்கள். முழு உயர அழுத்தத்துக்கே செய்யுங்கள்.

தட்டைச் சுவராக இருந்தால் இந்த அழுத்தத்தை டை ராட்தான் பிடிக்க வேண்டும். 15 மி.மீ. டை ராட் ஒன்றுக்கு 9 டன் வரை கொடுக்கலாம் என்பது வழக்கமான கணக்கு. 1.2 மீட்டருக்கு 1.2 மீட்டர் இடைவெளி வைத்தால் ஒரு ராடின் பங்கு 1.44 சதுர மீட்டர். அழுத்தம் 6 டன் என்றாலே 8.6 டன் வந்துவிடும், கழுத்து வரைக்கும்தான். வட்டத் தூணில் டை ராடே வேண்டாம். இரண்டு அரைவட்டத் தகடுகளை போல்ட் போட்டுச் சேர்த்தால் அழுத்தத்தை அச்சே சுற்றி வாங்கிக்கொள்ளும். 10 டன் அழுத்தத்துக்கு 1.2 மீட்டர் விட்டத்தில் ஓர் இணைப்பில் மீட்டருக்கு 6 டன் இழுவை, 15 செ.மீ.க்கு ஒரு போல்ட் வைத்தால் ஒன்றுக்கு ஒரு டன்கூட வராது. தூணில் துளையும் விழாது.

துளை விழாதது பெரிய விஷயம். டை ராட் போன வழியை பிவிசி குழாய் வைத்து விட்டுவிட்டுப் பின்னால் சுருங்காத கலவையால் அடைப்பார்கள். அடைப்பவர் யார், எந்த நேரத்தில் அடைக்கிறார் என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. கடல் காற்று படும் இடத்தில் 50 மி.மீ. கவர் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் தடிமன்), நீர் ஏறி இறங்கித் தெறிக்கும் பகுதியில் 75 மி.மீ. கவர் என்று ஐ.ஆர்.சி. 112 கேட்கிறது. அவ்வளவு கவர் கொடுத்துவிட்டு, நடுவில் அரைகுறையாக அடைத்த துளையை விட்டால் உப்பு அந்த வழியாகவே கம்பிக்குப் போகும்.

ஆக, நம் பாலத்தின் ஆறு வட்டத் தூண்களுக்கு மாற்றியமைக்கும் அமைப்பு வேண்டாம். பட்டறையில் அடியுங்கள். உயர வித்தியாசத்துக்கு வளையங்களை அடுக்கினால் போதும்: 2 மீட்டர் வளையம் இரண்டு, 1 மீட்டர் ஒன்று, அரை மீட்டர் ஒன்று. இரண்டு சேர்ந்தால் 4. ஒரு மீட்டரைச் சேர்த்தால் 5. அரையையும் சேர்த்தால் 5.5. ஒரு 2 மீட்டர் அரைவட்டத் தகடு 180 கிலோ அளவில் வரும், ஹைட்ரா (சின்ன நடமாடும் கிரேன்) சிரமமில்லாமல் தூக்கும். ஹைட்ரா இறங்க வழியில்லாத வாய்க்கால் என்றால் 2 மீட்டர் வளையங்களையும் 1 மீட்டராகச் செய்துகொள்ளுங்கள், நான்கு பேர் தூக்கிவிடுவார்கள். இணைப்பு அதிகமாவதை ஃபோம் பட்டை ஒட்டி ஈடுகட்ட வேண்டும். பக்க அச்சைக் கழற்ற விவரக்குறிப்பு சொல்வது 12 முதல் 48 மணி நேரம், பொறியாளர் முடிவுப்படி. கசடு சிமெண்ட் என்றால் நான் 48 பக்கம்தான் நிற்பேன். ஆறு தூணும் மூன்று வாரத்துக்குள் முடியும் கதை.

இதே பாலம் தென்பெண்ணையில் வந்து, தூண்கள் தட்டைச் சுவர் வடிவில், மேலே போகப்போகக் குறுகி, 12 மீட்டர் எழும்பினால் என் பதில் மாறிவிடும். அங்கே மாற்றியமைக்கும் அமைப்புதான். ஒவ்வொரு லிஃப்டுக்கும் (ஒரு தடவையில் வார்க்கும் உயரம்) அகலம் மாறும்போது பட்டறையில் புது அச்சு அடித்து மாளாது.

பியர் கேப்புக்கு, அதாவது தூண் வரிசையின் தலைமேல் வரும் குறுக்கு உத்திரத்துக்கு வருவோம். மூன்றுதான். ஓரங்களில் ஆழம் குறைந்து சாய்ந்து போகும் அடிப்பாகம். சாலைச் சாய்வுக்காக மேல்முகமும் சில வரைபடங்களில் சாயும், சிலவற்றில் பெடஸ்டல் (கர்டர் உட்காரும் சிறு மேடை) உயரத்தில் சரிசெய்வார்கள். மூன்று கேப்பும் சரியாக ஒரே அளவா என்று வரைபடத்தை விரித்துவைத்து ஒப்பிடுங்கள். ஒரே அளவென்றால் இரும்பு, இல்லையென்றால் எச்-20. அச்சைவிட இங்கே முக்கியம் அது எதன்மேல் உட்காரும் என்பது. படுகையிலிருந்து கப்லாக் என்ற இரும்புக் குழாய்ச் சாரம் எழுப்பினால் ஏற்றத்தண்ணீர் தினம் இரண்டு முறை வந்து அடிப்பலகையின் கீழ் சேற்றை இளக்கும். அதைவிட, இறுகிய வட்டத் தூணைச் சுற்றிக் கவ்விப் பிடிக்கும் இரும்புப் பட்டையைப் போட்டு அதன்மேல் கேப் அச்சை உட்கார வைப்பது மேல். போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டவரே எழுதிக் கொடுக்க வேண்டும். மேஸ்திரியின் கைக்கணக்கு இங்கே உதவாது.

அபட்மென்ட்டும் ரிட்டர்ன் சுவரும்தான் மாற்றியமைக்கும் அமைப்பின் சொந்த வீடு. இரண்டு அபட்மென்ட், நான்கு ரிட்டர்ன். எல்லாம் பெரிய தட்டை முகம், எல்லாம் வெவ்வேறு நீளம், உயரம். 20 டிகிரி சாய்வு இருப்பதால் ஒவ்வொரு அபட்மென்ட்டிலும் ஒரு மூலை விரிகோணமாகவும் மறுமூலை குறுங்கோணமாகவும் வரும். அதே பலகைகளைச் சுற்றிச் சுற்றி ஆறு முறை ஓட்டலாம். குறுங்கோண மூலையில் மட்டும் தச்சரைக் கூப்பிடுங்கள். அமைப்போடு வரும் மூலைத் துண்டுகள் பெரும்பாலும் 90 டிகிரிக்கானவை. கீல் வைத்த மூலைத் துண்டுக்குத் தனி வாடகை கேட்பார்கள், அந்தக் கீலிலிருந்தே சிமெண்ட் பால் வழியும். பால் போன இடத்தில் மணல் மட்டும் நின்று, கழற்றியதும் ஹனிகோம்ப் தெரியும். பூசி மறைத்துவிடலாம்தான். கம்பிக்கு அது தெரியாதா என்ன?

ஆறு முறை ஓட்டுவதை எத்தனை நாளில் ஓட்டுகிறீர்கள் என்பதில்தான் வாடகை நியாயமாகிறது. கம்பி கட்டுபவர் தயாராக இல்லாமல் பலகை மட்டும் களத்தில் கிடந்தால் மாத வாடகை ஓடும். அமைப்பு வந்து இறங்குவதற்கு முன்பே இரண்டு சுவருக்காவது கம்பி வளைத்து வைத்திருக்க வேண்டும். சென்னையிலிருந்து லாரி வருவதற்கும் திரும்பப் போவதற்கும் ஆகும் செலவையும் இந்த ஆறில் வகுத்துக்கொள்ளுங்கள். ஆறு மூன்றாகக் குறைந்தால், அதாவது ரிட்டர்ன் சுவரைக் கருங்கல் கட்டுமானமாகவே கொடுத்திருந்தால், பட்டறைப் பலகையோ பிளைவுட்டோ போதும்.

கர்டர் 16. இங்கே மாற்றியமைக்கும் அச்சு விற்க வருபவர்கள் நன்றாகப் பேசுவார்கள்: ஆழம் மாற்றலாம், அகலம் மாற்றலாம், அடுத்த பாலத்துக்கும் ஆகும். அடுத்த பாலம் கையில் இருந்தால் கேளுங்கள். இல்லாவிட்டால் மாறாத இரும்பு அச்சு ஒரு ஜோடி பக்கத்துக்கு, கரையில் கான்கிரீட் போட்டு மட்டம் செய்த அடித்தளம் மூன்று. பக்க அச்சு ஓரிரு நாளில் அடுத்த அடித்தளத்துக்கு நகர்ந்துவிடும்; கர்டர் மட்டும் பலம் வரும்வரை கிடந்த இடத்திலேயே கிடக்கும். அதனால்தான் பக்கம் ஒன்று, அடி மூன்று. மாற்றம் வேண்டிய ஒரே இடம் முனைத் தகடு, 20 டிகிரி சாய்வுக்காக. அதை மட்டும் திருப்பி வைக்கும்படி செய்தால் இடது முனைக்கும் வலது முனைக்கும் ஒரே தகடு ஆகும்.

கரையில் வார்த்தால் தூக்க வேண்டும். 15 மீட்டர் கர்டரின் குறுக்குவெட்டு 0.45 சதுர மீட்டர் என்று வைத்தாலும் ஏறக்குறைய 17 டன். அந்தக் கிரேன் வந்து நிற்க இரண்டு கரையிலும் கெட்டியான இடம் வேண்டும். களிமண்ணும் வயலுமான இடத்தில் இது லேசான நிபந்தனை இல்லை. கிரேன் வர வழியே இல்லையென்றால் சாரம் கட்டி இடத்திலேயே வார்க்க வேண்டியதுதான், அப்போது காலண்டரைப் பார்க்க வேண்டும்.

சாதாரண சிமெண்டுக்கே கர்டரின் முட்டு 21 நாள், தளத்தின் முட்டு 14 நாள் நிற்க வேண்டும் என்கிறது விவரக்குறிப்பு. ஒரே கண்ணுக்கான சாரத்தை வைத்துக்கொண்டு நான்கு கண்ணை முடிக்க, கட்டுவது, கம்பி, கான்கிரீட், காத்திருப்பு, பிரிப்பது எல்லாம் சேர்த்து ஐந்து மாதம் தாராளமாகப் போகும். பிப்ரவரியில் தொடங்கினால் ஜூலையில் கரை ஏறலாம். மே கடைசியில் தொடங்கினால் கடைசிக் கண்ணின் முட்டு அக்டோபரில் தண்ணீருக்குள் நிற்கும். நம் ஊர் அக்டோபர், நவம்பர், டிசம்பரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான் கரை கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை ஏறி, அடுத்த நாட்களில் சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் வந்து கரையோர ஊர்களை மூழ்கடித்தது. அணைத் தண்ணீர் வரும் ஆற்றில் மழை நம் தலைமேல்தான் பெய்ய வேண்டும் என்பதில்லை. மே மாதத்தில் பணி உத்தரவு கைக்கு வந்தால், கிரேனுக்கு வழி செய்ய ஆகும் செலவு எவ்வளவு கூடினாலும் கர்டரைக் கரையில் வார்ப்பதையே நான் எடுப்பேன்.

தளத்துக்கு அதிக யோசனை வேண்டாம். கர்டரிலிருந்து தொங்கவிடும் பிராக்கெட்டில் பிளைவுட் போதும், படுகையிலிருந்து முட்டே வேண்டாம். நெளிவு இரும்புத் தகட்டை அடியில் போட்டு அப்படியே விட்டுவிடும் முறையை உப்புத் தண்ணீருக்கு மேலே நான் சிபாரிசு செய்ய மாட்டேன், அது துருப்பிடித்து உதிர்வதை யாராலும் தடுக்க முடியாது. ஓரத்தில் நீண்டு நிற்கும் பகுதிக்கு மட்டும் திருகி உயரம் மாற்றும் பிராக்கெட் வாடகைக்கு எடுங்கள். சாலைச் சாய்வை அங்கே அங்குலம் அங்குலமாகச் சரிசெய்ய வேண்டியிருக்கும், ஒட்டுக்கட்டை வைத்து அடிப்பதைவிட நேரம் மிச்சமாகும்.

வாடகைக்கு எடுக்கும் பகுதிக்குக் கையெழுத்துப் போடும்முன் நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். வாடகை ஓடத் தொடங்குவது அவர்கள் குடோனில் ஏற்றிய நாளா, உங்கள் களத்தில் இறங்கிய நாளா? விங் நட், பின், கிளாம்ப் போன்ற சில்லறைச் சாமான் தொலைந்தால் ஒன்றுக்கு என்ன விலை? சேற்றிலும் தண்ணீரிலும் அவை தொலையாமல் இருக்காது, பெரிய பலகைகளைவிட இந்தச் சாமான்தான் கடைசி பில்லை வீங்க வைக்கும். பிளைவுட்டில் கீறல் எந்த அளவைத் தாண்டினால் உங்கள் தலையில் விழும்? அதற்கு இறக்கும் நாளிலேயே ஒவ்வொரு பலகையையும் போட்டோ எடுத்துவையுங்கள். அப்புறம், வெள்ளம் வந்து வேலை நின்ற நாட்களுக்கு வாடகை உண்டா இல்லையா. வடகிழக்குப் பருவமழையின் தேதியைக் குறிப்பிட்டே அந்த வரியை எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் செப்டம்பர் 30க்குள் சாமானைத் திருப்பி அனுப்பிவிடும்படி வேலையைத் திட்டமிடுங்கள்.